ஓடும் நிலையிலேயே குப்பையாகும் பிட்காயின் மெஷின்கள்: கடைசியில் எங்கே போகின்றன?

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள மிரி நகரம். 2021 ஜூலை மாதம். வரிசையாக அடுக்கி வைக்கப்பட்ட 1,069 பிட்காயின் மைனிங் மெஷின்கள் மீது ரோடு ரோலர் ஏறி இறங்கும் வீடியோ உலகம் முழுக்க வைரலானது. திருட்டு மின்சாரத்தில் ஓடியதாக போலீஸ் பறிமுதல் செய்த மெஷின்கள் அவை. மதிப்பு சுமார் 53 லட்சம் ரிங்கிட்.

"இத்தனை விலையுயர்ந்த மெஷின்களை நசுக்கலாமா?" என்று அப்போது பலரும் கேட்டார்கள். ஆனால் சட்டப்படி கரண்ட் பில் கட்டி ஓடும் மெஷின்களும் சில ஆண்டுகளில் தூக்கிப் போடும் நிலைக்குத்தான் வருகின்றன. அவை ரிப்பேர் ஆவதில்லை. ஸ்விட்ச் போட்டால் இப்போதும் நன்றாகவே ஓடும். ஓட்டினால் நஷ்டம், அவ்வளவுதான்.

கிரிப்டோ கரன்சி என்றாலே விலை ஏற்றம், இறக்கம், மின்சாரச் செலவு பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. அந்த கரன்சியை உருவாக்கும் மெஷின்கள் ஓய்வு பெற்ற பிறகு என்ன ஆகின்றன? அதில் வரும் இ-வேஸ்ட் எவ்வளவு? மறுசுழற்சி செய்ய முடியுமா? இந்தியாவுக்கு இதில் என்ன கவலை? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், மைனிங் என்றால் என்ன?

பிட்காயினுக்கு ரிசர்வ் வங்கி மாதிரி ஒரு தலைமை கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கை உலகம் முழுக்க உள்ள கணினிகளே எழுதுகின்றன. அந்தக் கணக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது என்பதற்கு ஒரு போட்டி நடக்கும். சூட்கேஸ் எண் பூட்டு மறந்துபோனால் 000, 001, 002 என்று திருகிப் பார்ப்போமே, அதுபோல கோடானுகோடி எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். சரியான விடை யாருக்கு முதலில் சிக்குகிறதோ, அவருக்குப் புது பிட்காயின் பரிசு. இதற்குப் பெயர்தான் மைனிங். ஒவ்வொரு முயற்சியையும் 'ஹாஷ்' என்கிறார்கள்.

இதில் இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால் மீதிக் கதை தானாகப் புரிந்துவிடும்.

ஒன்று, எத்தனை மெஷின்கள் போட்டியில் குதித்தாலும் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான். அதைத்தான் 'பிளாக்' என்கிறார்கள். மெஷின்கள் அதிகமாகி விடை சீக்கிரம் வந்துவிட்டால், கணக்கின் கடினத்தன்மை தானாகவே கூடிவிடும். 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்தத் திருத்தம் நடக்கும்.

இரண்டு, பரிசுத் தொகை ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 2009-ல் ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின் கிடைத்தது. 2012-ல் 25, 2016-ல் 12.5, 2020-ல் 6.25 என்று குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. அதாவது ஒரு நாளைக்கு உலகம் முழுக்க உள்ள எல்லா மெஷின்களும் சேர்ந்து சம்பாதிக்கும் புது பிட்காயின் ஒரே இரவில் 900-லிருந்து 450 ஆகிவிட்டது. இதைத்தான் 'ஹால்விங்' என்கிறார்கள்.

லேப்டாப்பில் தொடங்கியது இங்கே எப்படி வந்தது?

ஆரம்பத்தில் சாதாரண கம்ப்யூட்டரிலேயே மைனிங் செய்தார்கள். 2010 வாக்கில், வீடியோ கேம் விளையாடப் பயன்படும் கிராஃபிக்ஸ் கார்டு இந்த வேலையைப் பல மடங்கு வேகமாகச் செய்யும் என்று கண்டுபிடித்தார்கள். 2013-ல் 'ஏசிக்' எனப்படும் சிப்கள் சந்தைக்கு வந்தன. பிட்காயினுக்கான அந்த ஒரே ஒரு கணக்கைப் போடுவதற்காகவே வடிவமைக்கப்பட்ட சிப் இது.

இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். வீட்டில் இருக்கும் மிக்ஸியில் சட்னியும் அரைக்கலாம், மிளகாய்ப் பொடியும் அரைக்கலாம். ரோட்டோரத்தில் இருக்கும் கரும்பு ஜூஸ் மெஷினில் கரும்பை மட்டும்தான் விட முடியும். ஏசிக் என்பது கரும்பு மெஷின். அதில் படம் பார்க்க முடியாது, டைப் அடிக்க முடியாது, வேறு எந்த சாஃப்ட்வேரும் ஓடாது. பிட்காயின் கேஷ் மாதிரி அதே கணக்கைப் பயன்படுத்தும் சில காயின்களுக்கு மாற்றலாம். ஆனால் அங்கேயும் இதே போட்டி, இதே நஷ்டக் கணக்குதான்.

பழைய கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம், பில் போடக் கடையில் வைக்கலாம். பழைய ஏசிக் மெஷினுக்கு அப்படி ஒரு இரண்டாவது வாழ்க்கை கிடையாது.

நன்றாக ஓடும் மெஷின் ஏன் குப்பையாகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். இந்தத் துறையில் மிகப் பெரிய நிறுவனம் சீனாவின் பிட்மெயின். அது 2016-ல் கொண்டுவந்த ஆன்ட்மைனர் எஸ்9 ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஓடிய சூப்பர் ஹிட் மெஷின். அதன் வேகம் நொடிக்குச் சுமார் 13.5 டெராஹாஷ். ஒரு டெராஹாஷ் என்றால் ஒரு லட்சம் கோடி முயற்சிகள். இழுக்கும் மின்சாரம் சுமார் 1,320 வாட். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 32 யூனிட்.

அதே நிறுவனம் 2023-ல் அறிமுகப்படுத்திய எஸ்21 மெஷினின் வேகம் 200 டெராஹாஷ். மின்சாரம் 3,500 வாட், அதாவது நாளைக்கு 84 யூனிட். இந்த ஒரு மெஷின் செய்யும் வேலையைச் செய்ய 15 எஸ்9 மெஷின்கள் வேண்டும். அவற்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 475 யூனிட் ஆகும். ஒரே வேலைக்கு ஐந்தரை மடங்கு கரண்ட்.

இப்போது வருமானத்தைப் பார்ப்போம். உலகின் மொத்த மைனிங் வேகம் 2025-ல் 100 கோடி டெராஹாஷ் என்ற அளவைத் தொட்டது. பிட்காயின் விலை ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். தினமும் கிடைக்கும் 450 பிட்காயினில் எஸ்9 மெஷினின் பங்கு சுமார் 61 சென்ட், நம்ம ஊர்க் கணக்கில் ஐம்பது ரூபாய்ச் சொச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் அதற்கான கரண்ட் செலவு மட்டும் 250 ரூபாயைத் தாண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

அதே நாளில் எஸ்21 மெஷின் 9 டாலர் சம்பாதிக்கும். யூனிட் 5 சென்ட் என்று மலிவாகக் கிடைக்கும் இடத்தில் கரண்டுக்கு 4.20 டாலர் போனாலும் மீதி லாபம். அந்த 5 சென்ட் இடத்தில்கூட எஸ்9 மெஷினுக்கு ஒரு நாள் கரண்ட் செலவு ஒன்றரை டாலருக்கு மேல். யூனிட் 2 சென்ட்டுக்கும் குறைவாகக் கிடைத்தால் மட்டும்தான் அது தாக்குப்பிடிக்கும்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புது மெஷின் வந்ததால் உலகத்துக்குக் கூடுதலாக ஒரு பிட்காயின்கூடக் கிடைக்கவில்லை. 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற விதி அப்படியே இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் புது மெஷின் வந்தால் உற்பத்தி கூடும். இங்கே புது மெஷின் செய்வது, பழைய மெஷினின் பங்கைப் பிடுங்கிக்கொள்வது மட்டும்தான். ஆக, பழைய மெஷின் ஓரங்கட்டப்படுவது தற்செயலாக நடப்பதல்ல. போட்டியின் விதியிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

மொத்த கழிவு எவ்வளவு? 30,700 டன்னா, 2,300 டன்னா?

இங்கேதான் சர்ச்சை தொடங்குகிறது.

அலெக்ஸ் டி வ்ரீஸ், கிறிஸ்டியன் ஸ்டோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2021-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மைனிங் மெஷினின் சராசரி லாபகரமான ஆயுள் 1.29 ஆண்டுதான் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதாவது ஒன்றே கால் ஆண்டுக்குச் சற்று அதிகம். அந்தக் கணக்கின்படி பிட்காயின் நெட்வொர்க்கிலிருந்து ஆண்டுக்கு 30,700 டன் மின்னணுக் கழிவு வருகிறது. நெதர்லாந்து போன்ற ஒரு நாட்டில் செல்போன், கம்ப்யூட்டர் போன்ற சிறிய தகவல் தொடர்புச் சாதனங்களால் வரும் கழிவுக்கு இது சமம் என்றும், ஒரு பிட்காயின் பரிவர்த்தனைக்கு 272 கிராம் கழிவு என்றும் அந்த ஆய்வு சொன்னது.

கிரிப்டோ துறையினர் இதை ஏற்கவில்லை. 2016-ல் வந்த எஸ்9 மெஷின்கள் 2021-லும் ஓடிக்கொண்டுதானே இருந்தன என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பிட்காயின் விலை ஏறும்போது, மூலையில் கிடந்த பழைய மெஷினும் மறுபடி லாபம் தரும். ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று வகுப்பதிலும் சிக்கல் உண்டு. பரிவர்த்தனை கூடினாலும் குறைந்தாலும் மெஷின்களின் எண்ணிக்கை அதோடு சேர்ந்து மாறுவதில்லை.

இன்னொரு பக்கம், பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாற்று நிதி ஆய்வு மையம் 2025 ஏப்ரலில் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலக மைனிங் திறனில் ஏறக்குறைய பாதியைக் கையில் வைத்திருக்கும் 49 நிறுவனங்களிடம் கேட்டு எடுத்த சர்வே அது. 2024-ல் வந்த கழிவு சுமார் 2,300 டன்தான் என்றும், ஓய்வு பெற்ற மெஷின்களில் 86.9 சதவிகிதம் மறுசுழற்சி செய்யப்படுகின்றன, விற்கப்படுகின்றன அல்லது வேறு வகையில் பயன்படுத்தப்படுகின்றன என்றும் அது சொல்கிறது.

ஒரு கணக்குக்கும் இன்னொன்றுக்கும் 13 மடங்கு வித்தியாசம். எப்படி? முதல் ஆய்வு, மெஷின் லாபம் தருவதை நிறுத்தும் நாளையே அதன் கடைசி நாளாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது அறிக்கை, நிறுவனங்கள் தாங்களே சொன்ன பதிலை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பதிலில் 'விற்றுவிட்டோம்' என்பதும் நல்ல பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. விற்ற மெஷின் மாயமாகிவிடுமா? வாங்கியவர் கையிலும் அது ஒருநாள் நஷ்டக் கணக்குக்கு வரும். அந்த நாளில் அது எந்த ஊரில் இருக்கும் என்ற கேள்விக்கு இரண்டு எண்களிலும் பதில் இல்லை.

அளவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைப்படி 2022-ல் உலகம் முழுக்க உருவான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் 30,700 டன் என்பது இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். டிவி, ஃபிரிட்ஜ், செல்போன் கழிவோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம். ஆனால் ஃபிரிட்ஜ் வீட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டுத்தான் காயலான் கடைக்குப் போகிறது. மைனிங் மெஷின் புத்தம் புதிதாக இருக்கும்போதே அதன் நாள்கள் எண்ணப்படுகின்றன.

ஓய்வு பெற்ற மெஷின் எங்கே போகிறது?

எளிய பதில்: கரண்ட் மலிவாகக் கிடைக்கும் அடுத்த ஊருக்கு.

2019-ல் உலக பிட்காயின் மைனிங்கில் முக்கால் பங்கு சீனாவில் நடந்தது. 2021 மே மாதம் சீன அரசு பிடியை இறுக்கியது. சில மாதங்களிலேயே மெஷின்கள் கப்பலிலும் லாரியிலும் ஏறி அமெரிக்காவுக்கும் கஜகஸ்தானுக்கும் போய்ச் சேர்ந்தன. கஜகஸ்தானில் மின் தட்டுப்பாடு வந்ததும் 2022 தொடக்கத்தில் அங்கேயும் மைனிங் நிறுவனங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மெஷின்கள் மறுபடி மூட்டை கட்டின.

2024 ஹால்விங்குக்குப் பிறகு பயணத்தின் திசை இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் கட்டுப்படியாகாத பழைய மாடல்கள் சுத்தம் செய்யப்பட்டு ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளுக்கு விற்கப்பட்டன. அப்படி மைனிங் வளர்ந்த நாடுகளில் ஒன்று எத்தியோப்பியா. நீல நைல் நதியில் கட்டப்பட்ட பிரம்மாண்ட அணையால் அங்கே மலிவான நீர்மின்சாரம் கிடைக்கிறது. பெரும்பாலும் சீனப் பின்னணி கொண்ட மைனிங் நிறுவனங்கள் அரசு மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டு அங்கே இறங்கின. அரசுக்கு டாலரில் வருமானம். அதே நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இன்னும் மின் இணைப்பு கிடையாது என்பது தனிக் கதை.

இதில் நல்லதும் இருக்கிறது. நீர்மின்சாரத்தில் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடினால் அந்த மெஷினின் ஆயுள் நீள்கிறது. ஆனால் அதற்குப் பிறகு? அதைவிட மலிவான கரண்ட் கிடைக்கும் அடுத்த ஊர் இருக்காது. மெஷினின் கடைசி ஸ்டாப் அதுதான். உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, ஐரோப்பாவில் கழிவில் 40 சதவிகிதத்துக்கு மேல் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி ஆகிறது. ஆப்பிரிக்காவில் அது ஒரு சதவிகிதம்கூட இல்லை. லாபம் அதிகமாக இருந்த முதல் ஆண்டுகளைப் பணக்கார நாடு அனுபவித்துவிட்டது. குப்பை அள்ளும் வேலை மட்டும் கடைசியாக வாங்கியவர் தலையில் விழுகிறது.

சட்டம் இதைத் தடுக்காதா?

மின்னணுக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்த 'பேசல் ஒப்பந்தம்' என்ற சர்வதேச ஏற்பாடு இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. ஆபத்தானதோ இல்லையோ, எந்த மின்னணுக் கழிவாக இருந்தாலும் வாங்கும் நாட்டின் முன் அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. இந்த விதி 'கழிவு' என்ற பொருளுக்குத்தான். நன்றாக இயங்கும் பழைய சாதனம், பொதுவாக, பயன்படுத்திய பொருள் என்ற கணக்கில்தான் வரும். மைனிங் மெஷின் ஓய்வு பெறும்போது அது பழுதாகியிருப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அனுப்பும் நாளில் அது ஓடும் மெஷின். போய்ச் சேர்ந்து இரண்டு ஆண்டில் குப்பை. ஏற்றுமதி நாளில் பிடிக்க வேண்டிய சட்டத்துக்கு அன்று அதில் எந்தக் குறையும் தெரியாது.

இன்னொரு சிக்கல், இன்று உலகில் அதிகமாக மைனிங் நடக்கும் நாடான அமெரிக்கா பேசல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே தவிர, அதை உறுதிப்படுத்தவில்லை. அதாவது அது முழு உறுப்பினர் கிடையாது.

பிரித்தால் உள்ளே என்ன கிடைக்கும்?

ஒரு மைனிங் மெஷினைக் கழற்றினால் வெளியே உலோகப் பெட்டி, இரண்டு முதல் நான்கு ஃபேன், ஒரு பவர் சப்ளை, ஒரு கண்ட்ரோல் போர்டு, சிப்கள் வரிசையாகப் பதித்த மூன்று 'ஹாஷ் போர்டு'கள் இருக்கும். எஸ்9 மெஷினில் மட்டும் 189 சிப்கள். சூட்டை வெளியேற்ற அலுமினிய ஹீட் சிங்க்குகள் ஒட்டப்பட்டிருக்கும். புதிய மாடல்களின் எடை 13 முதல் 15 கிலோ வரை போகும்.

காயலான் கடைக்காரருக்கு இதில் பிடித்தது அலுமினியம். அடுத்து பவர் சப்ளையிலும் வயர்களிலும் இருக்கும் தாமிரம். போர்டுகளில் தாமிரம், ஈயப்பற்று உலோகம், மிகக் குறைந்த அளவில் தங்கம் போன்றவை இருக்கும். அவற்றைப் பிரிக்க நவீன உருக்காலை வேண்டும். மெஷினில் மிக அதிக விலை போன பகுதி எது? அந்த சிப்கள்தான். உலகின் மிக முன்னேறிய ஆலைகளில், மிக நுண்ணிய தொழில்நுட்பத்தில் செய்தவை. மறுசுழற்சியில் அந்த சிலிக்கானுக்கு மதிப்பே இல்லை. அது பொடியோடு பொடியாகப் போய்விடுகிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலத்திலாவது இரும்பு மறுபடி இரும்பானது. இங்கே அந்தத் தொழில்நுட்பம் எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை.

முறைசாராப் பட்டறைக்குப் போனால் ஆபத்து வேறு மாதிரி. தாமிரத்துக்காக வயரை எரிப்பார்கள். தங்கத்துக்காக போர்டை ஆசிட்டில் முக்குவார்கள். அந்தப் புகையும் கழிவுநீரும் முதலில் பாதிப்பது அங்கே வேலை செய்பவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும். முறைசாராக் கழிவுத் துறையில் வேலை செய்யும் 1 கோடியே 29 லட்சம் பெண்கள் இத்தகைய நச்சுப் பொருள்களின் அபாயத்தில் இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் எச்சரித்தது.

எத்தீரியம் என்ன செய்தது?

பிட்காயினுக்கு அடுத்த பெரிய கிரிப்டோவான எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கையே நிறுத்திவிட்டது. எண் பூட்டைத் திருகும் போட்டிக்குப் பதிலாக, காயினைப் பிணையாக வைப்பவர்களே கணக்கு எழுதும் முறைக்கு மாறியது. அதன் மின்சாரப் பயன்பாடு 99 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது.

எத்தீரியத்தில் அதிகம் ஓடியது கிராஃபிக்ஸ் கார்டுகள். ஒரே நாளில் வேலை போனாலும் அவை குப்பைக்குப் போகவில்லை. கேம் விளையாடுபவர்களும் வீடியோ எடிட்டர்களும் செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொண்டார்கள். மிக்ஸிக்கும் கரும்பு மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே கண்கூடாகத் தெரிந்தது.

பிட்காயினும் அப்படி மாறுமா? இப்போதைக்கு வாய்ப்பு குறைவு. இந்தப் போட்டிதான் பிட்காயினின் பாதுகாப்பு என்பது அதன் ஆதரவாளர்களின் உறுதியான நிலைப்பாடு.

இந்தியாவுக்கு இதில் என்ன?

இந்தியாவில் அமெரிக்கா மாதிரி பிரம்மாண்ட பிட்காயின் பண்ணைகள் வளரவில்லை. காரணம் கரண்ட் கட்டணமும் வரியும். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி. 2022 ஜூலை முதல் 1 சதவிகித டிடிஎஸ். மைனிங்குக்கான உள்கட்டமைப்புச் செலவை லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது என்றும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. அதாவது மெஷின் வாங்கிய காசும் கணக்கில் வராது.

ஆனாலும் கவலைப்பட இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, மின்னணுக் கழிவு உருவாவதில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து உலகில் மூன்றாவது இடத்தில் இந்தியா இருக்கிறது. டெல்லி சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களில் கையால் பிரிக்கும் பட்டறைகள் இன்றும் பல குடும்பங்களின் பிழைப்பு. எந்தப் போர்டு வந்தாலும் அவர்கள் கையில்தான் உடையும்.

இரண்டாவது, சட்டத்தின் கண்ணுக்குச் சின்ன ஆட்கள் படமாட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் மறுசுழற்சி இலக்கு வைக்கின்றன. 2023-24-ல் 60 சதவிகிதம், 2027-28-ல் 80 சதவிகிதம். மொத்தப் பயன்பாட்டாளர் என்ற பொறுப்பு, குறைந்தது 1,000 சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்குத்தான். ஒரு அறையில் இருபது கார்டுகளை ஓட்டிவிட்டு மூடியவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். அவர் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுக்கிறாரா என்பது அவர் மனசாட்சியைப் பொறுத்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குபவர்களுக்கு ஒரு டிப்ஸ்: மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. வாங்கும் முன் ஃபேன் சத்தம், சூடு, வாரண்டி பில் மூன்றையும் பாருங்கள். கடையிலேயே அரைமணி நேரம் முழு லோடில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

என்ன தீர்வு இருக்கிறது?

போர்டை மட்டும் மாற்றும் டிசைன்: புது சிப் வந்தால் பெட்டி, ஃபேன், பவர் சப்ளை எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் இல்லை. ட்விட்டரின் இணை நிறுவனர் ஜாக் டார்சியின் பிளாக் நிறுவனம் 2025-ல் அறிமுகப்படுத்திய 'புரோட்டோ ரிக்' இந்த வகை. ஹாஷ் போர்டை மட்டும் மாற்றி, மெஷினைப் பத்து ஆண்டுகள் வரை ஓட்டலாம் என்கிறது அந்த நிறுவனம். சொன்னபடி நடக்கிறதா என்பது இனிமேல்தான் தெரியும்.

சூட்டைப் பயன்படுத்துவது: மெஷின் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஃபின்லாந்தில் 2024-ல் மாரத்தான் டிஜிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம், சுமார் 11,000 பேர் வாழும் பகுதியின் வீடுகளைச் சூடாக்கும் திட்டத்தில் இந்த வெப்பத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. குளிர் நாடுகளில் பழைய எஸ்9 மெஷினை ரூம் ஹீட்டராக வைத்திருப்பவர்களும் உண்டு. மே மாத வேலூருக்கு இது உதவாது.

தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குவது: நடைமுறையில் இதுதான் எளிதாக இருக்க வேண்டும். செல்போன் மாதிரி நூறு கம்பெனிகள் இங்கே இல்லை. கேம்பிரிட்ஜ் சர்வேயின்படி பிட்மெயின், மைக்ரோபிடி, கனான் என்ற மூன்று நிறுவனங்களின் மெஷின்களே சந்தையில் 99 சதவிகிதம். பிட்மெயின் மட்டும் 82 சதவிகிதம். பழைய மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், மறுசுழற்சிக்கான பணத்தை விற்கும்போதே முன்வைப்பாகக் கட்ட வேண்டும் என்று பெரிய இறக்குமதி நாடுகள் சேர்ந்து விதித்தால், மூன்று கதவுகளைத் தட்டினாலே போதும். அந்தப் பணம் மெஷினோடு சேர்ந்து எத்தியோப்பியாவுக்கும் போக வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

அடுத்த ஹால்விங் 2028-ல் எதிர்பார்க்கப்படுகிறது. பரிசு 1.5625 பிட்காயினாகக் குறையும். இன்று ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஓடிக்கொண்டிருக்கும் 2020-ம் ஆண்டு மாடல்களில் பெரும்பாலானவை அப்போது கணக்குக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். பிட்காயின் விலை பெரிதாக ஏறினால் இன்னும் கொஞ்ச காலம் தள்ளிப்போகும், அவ்வளவே.

இதற்கிடையே அமெரிக்க மைனிங் நிறுவனங்கள் சில, தங்கள் கட்டடங்களையும் மின் இணைப்புகளையும் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மாற்றி வருகின்றன. கோர் சயின்டிஃபிக் நிறுவனம் 2024-ல் போட்ட ஒப்பந்தம் இதற்கு உதாரணம். கட்டடம் மாறலாம், டிரான்ஸ்ஃபார்மர் மாறலாம். உள்ளே இருக்கும் ஏசிக் மெஷினால் ஏஐ வேலை செய்ய முடியாது. அது கழற்றப்பட்டு, துடைக்கப்பட்டு, 'நல்ல கண்டிஷன்' என்ற லேபிளோடு அடுத்த நாட்டுக்கு விற்பனைக்கு வரும். அந்தப் பெட்டி எங்கே இறங்குகிறது, அங்கே அதைப் பிரிக்க முறையான ஆலை இருக்கிறதா என்று இறக்குமதி அனுமதி கொடுக்கும் அரசுகள் இப்போதே கேட்டால்தான், 2028-ல் அந்த போர்டுகள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் எரியாமல் இருக்கும்.